சைவ வீட்டில் ஒரு அசைவச் செடி

மனுஷன் போனால் பதிமூன்று நாள் துக்கம் கேட்க வருகிறார்கள். நாய் போனால்கூட, ‘ஐயோ பாவம், என்ன வயசு?’ என்று தெருவில் நாலு பேர் விசாரிக்கிறார்கள். செடி போனால்? ‘தண்ணி ஊத்தலையா?’ என்று ஒரே ஒரு கேள்வி. அதுவும் துக்கம் விசாரிக்கிற குரலில் இல்லை. இன்ஸ்பெக்டர் குரலில்!

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி மாமாவிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். அவர் தண்ணீர் ஊற்றியதால்தான் அது செத்தது.

மாமா வங்கி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவர். கடன் கேட்டு வந்தவர்களிடம் ‘ஸெக்யூரிட்டி என்ன இருக்கு?’ என்று உறுமிய அதே வாய், இப்போது பால்கனியில் தொட்டியைப் பார்த்து, ‘சாப்ட்டியாடா கண்ணா?’ என்று கொஞ்சுகிறது. கொஞ்சல் துளசிக்கு அல்ல. வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு. ஈ, எறும்பு பிடித்துத் தின்னும் செடி! வெங்காயத்துக்கே வருஷத்தில் பாதி நாள் விசா கிடைக்காத வீட்டில் இது எப்படி நுழைந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்கா வழியாக நுழைந்தது.

மாமாவின் பிள்ளை வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரத்தில் இருக்கிறார். மாமாவும் மாமியும் ஆறு மாசம் அங்கே போய் இருந்தார்கள். அப்போது ஏழு வயசுப் பேத்தி, பக்கத்து ஊரான சேப்பல் ஹில் தாவரவியல் பூங்காவுக்குத் தாத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள். வீனஸ் ஃப்ளைட்ராப் உலகத்தில் இயற்கையாக வளர்வது வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சதுப்புகளில், வில்மிங்டன் என்ற ஊரை மையமாக வைத்த ஒரு சின்ன வட்டாரத்தில் மட்டும்தான். வேறெங்கும் கிடையாது. ‘தாத்தா, இது எங்க ஊர்ச் செடி’ என்றாளாம். (அதன் லத்தீன் பெயர் டயோனியா மஸ்கிபுலா. மஸ்கிபுலா என்றால் எலிப்பொறி. ஈப்பொறிக்கு எலிப்பொறி என்று பேர் வைத்து இருநூற்றைம்பது வருஷமாகிறது, இன்னும் யாரும் திருத்தவில்லை.)

அங்கிருந்து செடியைக் கொண்டுவர ஏகப்பட்ட பேப்பர் வேண்டும் என்பதால் மாமா வெறுங்கையோடு திரும்பி, இங்கே ஆன்லைனில் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேத்தி அதற்கு ‘குண்டு’ என்று பெயர் வைத்தாள். மூன்றே வாரத்தில் குண்டு காலமானான்.

அடுத்த ஞாயிறு நெருங்குகிறது. குழந்தையிடம் எப்படிச் சொல்வது? மாமா அவசரமாக இன்னொரு செடி வரவழைத்து, அதே தொட்டியில் வைத்து, ‘இதோ பார், குண்டு!’ என்று காட்டிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த பரம்பரை. காமிக்ஸில் வரும் ஃபேன்டம் மாதிரி, உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருக்கும், ஊருக்கு மட்டும் அவர் சாகாதவர்.

இந்த ரகசியத்தில் மாமாவுக்கு ஒரு கணக்குப் பிள்ளை தேவைப்பட்டது. நான் பி.காம். எனக்கும் தாவரவியலுக்கும் உள்ள சம்பந்தம் கறிவேப்பிலையோடு சரி. ஆனால் நோட்டுப் போடச் சொன்னால் போடுவேன். வந்த தேதி, போன தேதி, காரணம் என்று மூன்று பத்தி. வராக்கடன் பதிவேடு மாதிரி.

முதல் குண்டு பாசத்தால் செத்தான். மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, மேலே ஒரு கரண்டி டி.ஏ.பி. மாமா எதிலும் குறை வைக்கவில்லை. வந்தது வினை. இந்தச் செடி பிறந்த சதுப்பில் மண்ணில் சத்தே கிடையாது. சத்து இல்லாத ஊரில் பிழைப்பதற்காகத்தான் அது பூச்சி பிடிக்கவே கற்றுக்கொண்டது. சோறு என்னவோ மற்ற செடிகள் மாதிரி வெயிலில்தான் சமைத்துக்கொள்கிறது. பூச்சி என்பது நைட்ரஜனுக்காகப் போட்டுக்கொள்கிற சத்து மாத்திரை. அந்த வேருக்கு உரம் வைப்பது, சர்க்கரை வியாதிக்காரருக்கு அன்போடு அரைக் கிலோ அல்வா ஊட்டுவது போல. பீட் பாசியும் மணலும் கலந்த வெறும் கலவை போதும் அதற்கு. இது மாமாவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வங்கியிலும் அப்படித்தானாம், விசாரணை அறிக்கை வருவதற்குள் ஆள் போயிருப்பான்.

இரண்டாவது குண்டு விஷயத்தில் வில்லன் தண்ணீர். சென்னையில் தண்ணீர் வில்லனாவது புதிதா என்ன? மாமா பீட் கிடைக்காமல் தென்னைநார்த் தூளில் நட்டார். அதைக் கழுவாமல் போட்டால் அதுவே உப்பு. அதன் மேல் போர்வெல் தண்ணீர். பதினைந்தே நாளில் தொட்டி விளிம்பு பூராவும் விபூதி பூசின மாதிரி வெள்ளை. ‘பாருங்கோ, செடி சைவமாயிடுத்து’ என்றாள் மாமி. செடி சிவலோகமே போய்விட்டது.

ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வந்த பையன் வைத்திருந்த மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். கரைந்த உப்பின் அளவு 870. இந்தச் செடிக்கு 50-க்குள் இருக்கவேண்டும். சரி, ஆர்.ஓ. தண்ணீராவது தேறுமா என்று முக்கினால் 130! ‘டேஸ்ட்டுக்காகக் கொஞ்சம் உப்புத் தண்ணி கலந்து விடறோம் சார்’ என்றான் பையன். கடைசியில் 15 காட்டியது எது தெரியுமா? ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு ஏறுவதில்லை.

அதற்கப்புறம் மாமா பட்டப்பகலில் ஏ.சி. போட ஆரம்பித்தார். ‘முப்பது வருஷமா நான் அடுப்படியில வேகறேன், எனக்குப் போடலை. அதுக்குத் தாகம்னா போடறார்’ என்று மாமி என்னிடம் முறையிட்டாள். நியாயமான புகார். மின்சார பில்லைப் பார்த்தபோது மாமாவுக்கே நியாயமாகப் பட்டது. ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் அண்டா வைத்துப் பிடித்து, பாட்டில் பாட்டிலாகக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டார். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, எங்கள் கட்டடத்தில் அதை இவ்வளவு பக்தியாகக் கடைப்பிடித்த ஆள் வேறு யாருமில்லை.

மூன்றாவது குண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈரப்பதம் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, மூடின கண்ணாடி ஜாடிக்குள் வைத்து வெயிலில் வைத்தார். சித்திரை மாச வெயில். சாயந்திரம் திறந்தபோது வெந்த கீரை வாசனை வந்தது.

நாலாவது குண்டை நவராத்திரி முடித்தது. கொலுவில் பார்க், ஜூ எல்லாம் வைப்பதில்லையா, அந்த மாதிரி மாமா செடியையும் படிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்பது நாளும் வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அம்பாளைவிட இதன்மேல்தான் கண். ஆளாளுக்கு ஒரு விரல்.

அந்தப் பொறி வேலை செய்கிற விதத்தைக் கேட்டால் எந்த பேங்க் ஆசாமியும் சொக்கிப்போவார். இலையின் ஒவ்வொரு பாதியிலும் சாதாரணமாக மூன்று மெல்லிய முடி. ஒரு தடவை பட்டால் மூடாது. மழைத்துளியாக இருக்கலாம், காற்றில் விழுந்த தூசியாக இருக்கலாம். ஏறக்குறைய 20 விநாடிக்குள் இரண்டாவது தடவை பட்டால்தான் டபக்கென்று மூடும், கண் இமைக்கிற நேரத்தில். மாமா பாஷையில், ஜாயின்ட் அக்கவுண்ட். இரண்டு கையெழுத்து இல்லாமல் செக் பாஸாகாது. மூடியதும் உடனே ஜீரணத்தை ஆரம்பித்துவிடாது. உள்ளே மாட்டியது துள்ளித் துள்ளி முடியை மேலும் இடிக்கவேண்டும். ஐந்து தடவை போல ஆனால்தான் ‘சரி, இது நிஜமான சாப்பாடு’ என்று ஜீரண நீருக்கு சாங்ஷன். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2016-ல் இதை எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். செடி எண்ணுகிறது சார்! எங்கள் காலனி அசோசியேஷன் பொருளாளருக்கு அது வரவில்லை.

விரலால் மூடினால் உள்ளே ஒன்றுமில்லை. ஒருநாள் போல ஆனதும் ஏமாந்து திறக்கும். அதற்குள் அடுத்த பாட்ச் மாமிகள். ஒரு பொறிக்கு ஆயுசில் சில தடவைதான் மூடித் திறக்கிற பலம், அப்புறம் கறுத்து உதிர்ந்துவிடும். சரஸ்வதி பூஜை அன்றைக்கு ஒரு வாண்டு சுண்டல் ஊட்டியிருக்கிறது. சுண்டல் துள்ளுமோ? அது அங்கேயே பூசணம் பூத்தது. வெயிலும் இல்லாமல் ஒன்பது நாள் டியூப் லைட்டில் இருந்ததில் மிச்சமும் வெளுத்துப்போய், விஜயதசமிக்குக் கலசத்தோடு அதற்கும் விடை கொடுத்தார்கள்.

இப்படி ஊட்டிப் பார்ப்பது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்கவேண்டாம். சார்லஸ் டார்வின் 1860-ல் ட்ரோசெரா என்ற பூச்சி தின்னும் செடியைப் பார்த்ததிலிருந்து அதற்கு இறைச்சி, முட்டை வெள்ளை, பால் என்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அளவுக்கு மிஞ்சின துண்டு வைத்த இலைகள் கெட்டுப்போனதையும் எழுதி வைத்திருக்கிறார். இந்த மனுஷர் கடைசியில் அதை ஒரு மிருகம் என்றே நிரூபித்துவிடுவார் போலிருக்கிறது என்று அவருடைய வீட்டுக்கார அம்மா ஒரு கடிதத்தில் கேலி செய்திருக்கிறார். எல்லா வீட்டிலும் மாமி மாமிதான்.

ஐந்தாவது குண்டு மரணம்தான் என் நோட்டிலேயே எனக்குத் தாங்காதது. நல்ல வெயில், நல்ல தண்ணீர், நல்ல கலவை. தளதளவென்று இருந்தான். திடீரென்று புதுத் துளிர் எல்லாம் சுருண்டு, கோணி, முடங்கி வர ஆரம்பித்தது. மாமா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, ‘அசுவினிடா!’ என்று அலறினார்.

‘அஸ்வினியா? நல்ல நட்சத்திரமாச்சே’ என்றாள் மாமி.

இது அந்த அஸ்வினி இல்லை. அவரைக்காய்க் கொடியில் மொய்க்குமே, சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சி, அந்த அசுவினி. ஈயைத் தின்கிற செடியைப் பேன் சைஸ் பூச்சி தின்றுகொண்டிருக்கிறது! போலீஸ் ஸ்டேஷனில் திருட்டு. செடி ஏன் அதைப் பிடிக்கவில்லை? அசுவினி பொறிக்குள் போய் விழுந்தால்தானே? அது உட்காருவது நடுக் குருத்தில், பொறி இன்னும் திறக்காத துளிரில். தப்பித் தவறி உள்ளே போனாலும், பொறி மூடும்போது விளிம்புப் பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் மூடுகிறது. பொடிப் பூச்சி அந்த வழியாக வெளியேறிவிடலாம். அற்பப் பூச்சியை ஜீரணிக்க ஆகிற செலவு வரவைவிட ஜாஸ்தி, அதனால்தான் அந்த ஏற்பாடு என்று 1875-ல் டார்வின் தம் புஸ்தகத்தில் யோசித்திருக்கிறார். சில்லறைக் கடனை வசூலிக்கக் கோர்ட்டுக்குப் போகாத மாதிரி. ஆனால் அந்தச் சில்லறைகள் நூறு பேர் சேர்ந்து வந்தால் பேங்க்கே திவால். அசுவினி சுரக்கிற இனிப்புக்காக எறும்புகள் வேறு அதற்கு பந்தோபஸ்து. தின்னவேண்டிய எறும்பே எதிரிக்குக் காவல்!

மாமா பதறிப்போய் சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்து அடித்தார். அசுவினியும் போயிற்று, இலையும் கருகிற்று. வளர்க்கத் தெரிந்தவர்கள் செய்வது ரொம்பச் சுலபம். செடியைத் தொட்டியோடு சுத்தத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் முழுக முக்கி வைத்துவிடுகிறார்கள். சதுப்பில் வெள்ளம் பார்த்த செடி தாங்கும், பூச்சி தாங்காது. இப்போது மாமா மாசத்துக்கு ஒரு தடவை அதற்கு கங்கா ஸ்நானம் செய்து வைக்கிறார்.

ஆறாவதைக் காக்கை கொண்டுபோயிற்று. செடியை அல்ல, வேரைச் சுற்றியிருந்த பாசியை, கூடு கட்ட. செடி தரையில் கிடந்தது. பித்ருக்கள் வந்து எடுத்துப்போனதாக மாமி சமாதானம் சொன்னாள்.

ஏழாவதற்கு வருவோம். இந்தச் செடிக்குக் குளிர்காலத்தில் மூன்று மாசம் போலத் தூக்கம் வேண்டும். கரோலினாவில் அப்போது பத்து டிகிரிக்குக் கீழே போகும். இலைகள் கறுத்து, செத்த மாதிரி இருக்கும். வசந்தம் வந்தால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். வருஷக்கணக்கில் தூங்கவிடாவிட்டால் மெலிந்து மெலிந்து ஒருநாள் போய்விடும். சென்னை மார்கழியில் ராத்திரிகூட இருபதுக்குக் கீழே இறங்க யோசிக்கிறது. அதனால் உஷ்ணப் பிரதேசத்தில் வளர்ப்பவர்கள் செடியை மண்ணிலிருந்து எடுத்து, ஈரப் பாசியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். மாமாவும் கவரில் போட்டு, காய்கறி ட்ரேயில் இட்லி மாவுக்குக் கீழே வைத்து, ‘குண்டு. தூங்குகிறான். தொடாதே’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியும் வைத்தார்.

தை மாசம் கும்பகோணத்திலிருந்து மாமியின் அக்கா வந்தார். கண் ஆபரேஷனுக்காக. மீதியை நீங்களே ஊகிக்கலாம். ‘என்னடி, அழுகின வெங்காயத்தையெல்லாம் ஃப்ரிட்ஜில வச்சிருக்கே?’ என்று வந்த அன்றைக்கே சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தன் கை தவறுக்கும் பிறர் கை தவறுக்கும் கோபப்படாத இதே மாமா ஒரே ஒரு தடவை கத்திப் பார்த்திருக்கிறேன். மச்சினர் பையன் கொடைக்கானல் டூர் போய்விட்டு, பாலிதீன் பையில் ஒரு கொத்துப் பச்சையைக் கொண்டுவந்து, ‘அத்திம்பேர், உங்களுக்காகத் தோண்டி எடுத்துண்டு வந்தேன்’ என்று நீட்டினான். ட்ரோசெரா. அழுகண்ணி என்று சித்த வைத்தியத்தில் சொல்கிறார்களே, அந்த ஜாதி. இலை பூராவும் கண்ணீர்த் துளி மாதிரி பசை மின்னும், பூச்சி ஒட்டிக்கொள்ளும். மலைப் புல்வெளியில் குளிரில் கிடந்தது, பஸ்ஸில் வத்தலகுண்டு தாண்டும்போதே துவண்டிருக்கும். ‘கடையில வாங்கினது செத்தா எனக்கு நஷ்டம். காட்டில புடுங்கினது செத்தா யாருக்குடா நஷ்டம்?’ என்று மாமா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு டி.வி.யின் வால்யூமைக் குறைத்துவிட்டார்கள்.

அந்தக் கோபம் அவர் ராலேயில் கற்றது. அங்கே சதுப்பு நிலத்துக் காட்டில் அவ்வப்போது தீ வந்து புதர்களை எரித்துவிட்டுப் போகவேண்டும், அப்போதுதான் இந்தக் குள்ளச் செடிக்கு வெயில் கிடைக்கும். தீயை அணைத்து அணைத்தே பல இடங்களில் அதை நிழலில் கொன்றுவிட்டார்கள். மிச்சத்தைத் திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2014 டிசம்பர் 1 முதல் வட கரோலினாவில் இதைத் திருடுவது சிறைத் தண்டனைக்குரிய பெருங்குற்றம். அடுத்த மாசமே, 2015 ஜனவரியில், 970 செடிகளோடு நாலு பேர் மாட்டினார்கள். நம் மேகாலயாவில் வளரும் குடுவைச் செடி நெப்பந்தஸ் காசியானாவுக்கும் இதே கதிதான். இந்தியாவிலேயே அந்த வகையில் அது ஒன்றுதான் உண்டு. வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆகையால் வாங்குகிற ஆசை இருப்பவர்கள், விலை கேட்கிறதற்கு முன்னால் ‘இது திசு வளர்ப்பில் வந்ததா, தோண்டினதா?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ரோஜா வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கும் அசுவினி வரும், கவலைப்படாதீர்கள்.

போன ஜூலையில் பேத்தி வந்தாள். ஒன்பது வயசு. மாமாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அண்டா மழைத்தண்ணீர் அத்தனையும் குண்டுக்கே. வீடியோவில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு இல்லையா? கணக்குப் பிள்ளை என்கிற முறையில் நானும் போயிருந்தேன்.

குழந்தை செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பால்கனிக்குப் போனாள். குனிந்து, விரல் வைக்காமல், ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அமெரிக்கத் தமிழில் கேட்டாள்: ‘தாத்தா, இது ஒன்பதாவது குண்டுதானே?’

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ‘உனக்கு... எப்படித் தெரியும்?’

‘முதல் குண்டுவுக்கு உள்ள ரெட். ரெண்டாவதுக்கு க்ரீன். நீங்க சேட் ஆயிடுவீங்கன்னு நான் சொல்லலை.’

மாமா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பிரித்தேன். ‘செத்தது ஏழு, இருப்பு ஒண்ணு. ஆக எட்டுதான் பாப்பா’ என்றேன்.

‘இல்ல அங்கிள். சொட்டைப் பல் இருந்தானே ஒருத்தன், பொங்கலுக்கு அப்புறம்? அவன் ஒரு சண்டே இருந்தான். நெக்ஸ்ட் சண்டே வேற ஒருத்தன்.’

பதிவேட்டில் அப்படி ஒரு சாவே இல்லை. மாமாவும் அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஒரு செடி சாகவும் வேண்டும், அதற்குப் பதில் நானூறு ரூபாய் செலவழித்து யாரோ இன்னொன்று வாங்கி வைத்திருக்கவும் வேண்டும். எங்கள் வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்குத்தான் ஊற்றுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

‘மாமி...’ என்று குரல் கொடுத்தேன்.

சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.